சிவப்பு முள்

குஹ்மோ, 9.11.1986

அன்புத் தம்பி ரெயினோ,

நீயும் உன் வீட்டுக்காரி இங்கரும் சுகம்தானே? கோதன்பர்க்கில் இன்னும் மழைதான் என்று ரேடியோவில் கேட்டேன். இங்கே ஏரி உறைந்து பத்து நாளாகிறது. நான் நன்றாக இருக்கிறேன். அர்மாஸும் இருக்கிறார்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் பழுப்புக் காரின் என்ஜின் ஹீட்டர் மக்கர் பண்ணுகிறது. கொட்டகைச் சுவரில் இருக்கிற பெட்டி உனக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா! உள்ளே ஒரு கடிகாரம், பக்கத்தில் கிளம்புகிற நேரத்தில் வைக்கும் சிவப்பு முள். முள்ளை ஐந்தில் வைத்தால் மூன்று மணிக்கே பெட்டியிலிருந்து வயர் வழியாகக் காருக்குக் கரண்ட் வந்து என்ஜின் சூடாக ஆரம்பித்துவிடும். தினமும் சாயங்காலம் அர்மாஸ்தான் முள்ளை வைப்பார். நான் தொட்டதே இல்லை. அடுப்பு எனக்கு, பெட்டி அவருக்கு என்று முப்பத்தைந்து வருஷமாக ஓடுகிறது. போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால், வண்டி இரண்டு தடவை முனகிவிட்டு அடங்கிப் போயிற்று. பானெட்டில் கை வைத்தேன், ஐஸ். அன்றைக்கு மைனஸ் பதினெட்டுதான். இந்தக் குளிருக்கெல்லாம் அது அசராத வண்டி.

எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அப்புறம் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஐந்துக்கு வண்டி கிளம்பியே ஆக வேண்டும். போன் மட்டும் பண்ணாதே, போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதிலைப் பக்கத்து வீட்டு லெம்பியின் பெயருக்குப் போடு.

இங்கரைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சைமி

*

கோதன்பர்க், 18.11.1986

அன்புள்ள அக்கா,

இங்கருக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி நலம். ஒர்க்ஷாப்பில் வேலை குவிந்து கிடக்கிறது. முதல் பனி விழுந்ததும் இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தர் வண்டியில் ஒருத்தர் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

ஹீட்டர் விஷயத்தை என்னிடம் போய்க் கேட்கிறாயே, உனக்குத் தைரியம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்மஸுக்கு வந்து, வயரைப் பிடுங்காமல் வண்டியை எடுத்து, சுவரிலிருந்த பெட்டியையே பிய்த்துக்கொண்டு சர்ச் வாசல் வரைக்கும் இழுத்துப் போன மெக்கானிக் நான். அத்தான் அதைக் குஹ்மோவில் சொல்லாத ஆள் பாக்கி உண்டா? "பாருங்கப்பா, சுவீடன்காரன் நாய்க்குப் பதிலா பெட்டியைக் கட்டி இழுத்துட்டு வர்றான்!" இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அன்று சாயங்காலம் நான் அவரிடம் சொன்னதை நினைத்தால் அதைவிட அதிகமாகச் சூடாகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பகலில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார். நேரத்தை மாற்றி வைத்துக் கரண்ட் வருகிற மாதிரி செய், வயரைச் செருகு, பானெட்டைத் தூக்கிக் காதை வை. ஒரு நிமிஷத்துக்குள் கெட்டிலில் தண்ணீர் சுடுகிற மாதிரி உஸ்ஸென்று சத்தம் வரும். வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. அப்புறம் வீட்டுக்குள் போய் மின் மீட்டரில் சுற்றுகிற தட்டைப் பார். லெம்பியை வெளியே நிறுத்தி வயரைப் பிடுங்கவும் செருகவும் சொல். செருகினால் தட்டு ஓட வேண்டும், பிடுங்கினால் நடக்க வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? கார் கிளம்பாததைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். எங்கே கிளம்புகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அத்தான் ரிட்டையராகி மூன்று வருஷமாகிறது. அவர் ஏன் பெட்டியைப் பார்க்கவில்லை?

தம்பி,
ரெயினோ

*

குஹ்மோ, 28.11.1986

அன்புத் தம்பி,

இங்கருக்குத் தேன் கலந்து சூடாக ஏதாவது கொடு.

புதன்கிழமை மதியம் அவர் தூங்கும்போது எல்லாம் செய்து பார்த்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. தட்டு ஓடியது. லெம்பி வெளியே நின்று, "இன்னும் எத்தனை தடவைடி பிடுங்கிச் செருகணும், விரல் விறைச்சுப் போச்சு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எல்லாம் சரி என்று நிம்மதியாகப் படுத்தேன். வியாழன் காலை ஐந்து மணிக்கு மறுபடியும் ஐஸ். இதில் ஒரு கூத்து, பதினோரு மணிக்கு விறகு எடுக்கப் போனேன், பானெட்டின் மேலிருந்த பனி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உருகியிருந்தது. வெயில் என்று சொல்லாதே. நவம்பரில் எங்களுக்கு ஏது வெயில்?

நீ கேட்டதற்கு இனி மறைத்துப் பயனில்லை. அர்மாஸுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. அக்டோபரிலிருந்து வாரம் மூன்று நாள் கயானி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நூறு கிலோமீட்டர் போக வேண்டும், நாலரை மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும், நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறார். இதுவரை மூன்று நாள் போய்விட்டது. டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். டாக்ஸி என்றால் புல்க்கினென். "அவன் வண்டியில நான் ஏறினா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். செத்தாலும் ஏற மாட்டேன்" என்கிறார். நம்மூர்க் கதையெல்லாம் புல்க்கினெனுக்கு இத்தனை நாள் சப்ளை செய்ததே இவர்தான், அது வேறு விஷயம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகவே உனக்குத் தெரியாது.

சைமி

*

கோதன்பர்க், 6.12.1986

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. ஜன்னலில் நம் நாட்டுச் சுதந்திர தினத்து மெழுகுவர்த்தி இரண்டையும் ஏற்றிவைத்துவிட்டு எழுதுகிறேன். முப்பது வருஷம் விடிவதற்கு முன்னால் எழுந்து பனித்தள்ளி லாரி ஓட்டிய மனிதர். ஊரில் எந்த வண்டி போவதாக இருந்தாலும் அவர் வண்டி முதலில் போயிருக்கும். அவரா? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை எனக்கு மறைத்தாயே என்று கோபமாகவும் இருக்கிறது.

கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் என் மூளை ஓடும். ஆகவே ஹீட்டர்.

உருகின பனி நல்ல சேதி. ஹீட்டர் வேலை செய்கிறது, நேரம் தப்பி வேலை செய்கிறது. ஊரில் கரண்ட் போனால் பெட்டிக் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆறு மணி நேரம் கரண்ட் போயிருந்தால் ஆறு மணி நேரம் பிந்தித்தான் சூடாகும். உன் கைக்கடிகாரத்தோடு அதை ஒத்துப் பார். இன்னொன்று வயர். மடங்குகிற இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருக்கும், வெளியே தெரியாது, குளிரில் விட்டு விட்டு வேலை செய்யும். புது வயரும் என் ஓம் மீட்டரும் லெம்பி பெயருக்கு பார்சலில் வருகின்றன. மீட்டரின் இரண்டு குச்சியையும் காரின் பிளக்கில் இரண்டு முனையிலும் வை. தொண்ணூறுக்குப் பக்கத்தில் காட்டினால் சரி. மீட்டரின் முள் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் எரிந்துவிட்டது, புதிது அனுப்புகிறேன்.

அத்தான் சாப்பிடுகிறாரா? காபி கொடுக்கிறார்களா?

ரெயினோ

*

குஹ்மோ, 21.12.1986

அன்புத் தம்பி,

உங்கள் இருவருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. பார்சலுக்குள் இங்கர் வைத்திருந்த இஞ்சி பிஸ்கட்டில் பாதியை லெம்பி தபால் கூலி என்று எடுத்துக்கொண்டாள்.

காபி ஒரு நாளைக்கு இரண்டு கப். தண்ணீர், சூப் எல்லாவற்றையும் அளந்துதான் குடிக்க வேண்டும். முதல் கப்பைக் காலையிலேயே குடித்துவிட்டு, இரண்டாவதை மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை. நானும் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வயரை மாற்றிவிட்டேன். மீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது. கடிகாரத்தையும் பார்த்தேன், என் கைக்கடிகாரத்தோடு நிமிஷம் பிசகவில்லை. போன ஞாயிறு சர்ச்சுக்கு மைனஸ் இருபத்தேழில் சாவியைத் தொட்டதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. செவ்வாய் காலை செத்துக் கிடந்தது. வியாழன் கிளம்பியது. நேற்று சனிக்கிழமை மறுபடியும் இல்லை. அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, பூட்ஸுக்குள் போகவில்லை. நர்ஸ் போனில் என்னைத் திட்டினாள். நான் வண்டியைத் திட்டினேன்.

அவர் மட்டும் திட்டவில்லை. "விடு சைமி. இந்தக் குளிருக்கு எந்த வண்டிதான் கிளம்பும்?" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டினார். இதை அர்மாஸ் சொன்னார் என்றால் நம்புவாயா? பக்கத்து வீட்டு வண்டி கிளம்பவில்லை என்றாலே ஒரு வாரம் கிண்டல் பண்ணுகிற மனிதர்.

சைமி

*

கோதன்பர்க், 2.1.1987

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஹீட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை எது, செவ்வாய்க்கிழமை எது என்று தெரியாது. சர்ச்சுக்கு ஒரு மாதிரியும் ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதிரியும் அது நடந்துகொள்ளாது. வயர் புதிது, ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கடிகாரம் நிமிஷம் பிசகவில்லை. பெட்டிக்குள் பாக்கி இருப்பது அந்தச் சிவப்பு முள் ஒன்றுதான். அது தானாக நகராது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ரெயினோ

*

கோதன்பர்க், 19.1.1987

அக்கா,

பதினேழு நாளாகிறது, பதில் இல்லை. உங்கள் பக்கம் மைனஸ் முப்பத்தெட்டு என்று செய்தியில் காட்டினான். லெம்பி வீட்டுக்குப் போன் போட்டேன், "நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள். லெம்பி உடனே போனை வைக்கிறாள் என்றால் எதுவோ நன்றாக இல்லை. தப்பாக எழுதிவிட்டேன் என்றால் திட்டியாவது எழுது.

ரெயினோ

*

குஹ்மோ, 23.1.1987

அன்புத் தம்பி,

நீ தப்பாக எழுதவில்லை. அதனால்தான் பதில் போட முடியவில்லை.

பனி உருகியிருந்த அன்றைக்கே எனக்குத் தோன்றியது. எழுதினால் நிஜமாகிவிடுமோ என்று வயரையும் மீட்டரையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். "சாம்பல் கொட்டிட்டு வர்றேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். சாம்பலைக் கொட்டினார். பெட்டியைத் திறந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, முள்ளை ஐந்திலிருந்து பதினொன்றுக்கு நகர்த்தினார். கொஞ்ச நேரம் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, "நாளைக்கு முப்பதைத் தாண்டும்போல இருக்கே" என்றார்.

அந்தச் செவ்வாயும் வண்டி கிளம்பவில்லை. வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு முன்பே எழுந்து போய் முள்ளை ஐந்துக்குத் திருப்பி வைத்தேன். வண்டி கிளம்பியது. நூறு கிலோமீட்டரும் ஓட்டி முடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் கேட்டார்.

"நீ தொட்டியா?"

"தொட்டேன்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல தொட்டதில்ல."

"முப்பத்தஞ்சு வருஷத்துல நீங்களும் இப்படிப் பண்ணினதில்ல."

அடுத்த செவ்வாய் வண்டி சூடாக நின்றது. இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் வரல சைமி. ஊருக்கே வழி பண்ணிக் கொடுத்தவன். இப்போ குழாய் மாட்டிக்கிட்டு, பொண்டாட்டி வண்டி ஓட்ட, மூட்டை மாதிரிப் போய் வர்றேன். போதும்." அழுதேன், கத்தினேன், லெம்பி வந்து கத்தினாள். சனிக்கிழமை வந்தார், இந்த வியாழன் வரவில்லை. வண்டி இப்போதெல்லாம் கிளம்பிவிடுகிறது, ரெயினோ. ஆள்தான் கிளம்பவில்லை. இதற்கு எந்த மீட்டரை வைத்துப் பார்ப்பது?

சைமி

*

கோதன்பர்க், 29.1.1987

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கே நேராகப் போடுகிறேன். எனக்கு எல்லாம் தெரியும். அக்காவைத் திட்டாதீர்கள், திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

முதலில் தொழில் விஷயம். வண்டியைக் கெடுக்கிற வேலையை நீங்கள் படுமோசமாகச் செய்திருக்கிறீர்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, தபாலிலேயே உங்களைப் பிடித்துவிட்டேன். அதுவும் யார்? பெட்டியை நாய் மாதிரி இழுத்துக்கொண்டு போனவன்! வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். நீங்கள் பிடுங்கவில்லை. பதினொன்றில் வைத்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் உங்கள் வண்டி நாள் முழுக்கச் சூடில்லாமல் நிற்பதை உங்களால் பொறுக்க முடியவில்லை. வண்டியிடம் அவ்வளவு இரக்கம் இருக்கிறது. அக்காவிடம் கொஞ்சம் காட்டக் கூடாதா?

இரண்டாவது. அந்தக் கிறிஸ்மஸ் அன்று, "முப்பது வருஷமா பனியைத் தள்ளினதைத் தவிர வேற என்னத்தைக் கிழிச்சீங்க?" என்று உங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே கேட்டேன். ஏழு வருஷமாக அது என் தொண்டையில் கிடக்கிறது. போன வாரம் இங்கே ஒரு முழம் பனி. இங்கருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், விடியவில்லை, ரோடு சுத்தமாக இருந்தது. எவனோ எங்களுக்கு முன்னால் எழுந்து தள்ளியிருந்தான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இங்கர் இப்போது நலம். என்னை மன்னித்துவிடுங்கள் அத்தான்.

மூன்றாவது. நீங்கள் செத்துப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு வருகிறேன். என்னைக் கிண்டல் பண்ண ஆள் வேண்டும்.

உங்கள் மச்சினன்,
ரெயினோ

*

குஹ்மோ, 15.2.1987

டேய் மச்சான்,

என் கோணல் எழுத்தைச் சகித்துக்கொள். இங்கர் தேறியது சந்தோஷம். சைமி நன்றாக இருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் சைமியிடம் பேசவில்லை. தபாலில் பிடித்துவிட்டாயாம். அப்புறம் அந்தப் பதினொன்று விஷயத்தை யோசித்தேன். அது எனக்கே தெரியாது. நீ எழுதின பிறகுதான் தெரிந்தது. எனக்குச் சாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மூட்டை மாதிரிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. மேஜையில் சொன்னதை விடு. நானும் அன்றைக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் சிரித்தேன்.

போன செவ்வாய்க்கு முந்தின நாள் முள்ளை நானே ஐந்தில் வைத்தேன். பழைய வழக்கப்படி மூன்றுக்கு எழுந்து, கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பானெட்டைத் தூக்கிக் காதை வைத்தேன். மைனஸ் முப்பத்து நாலு. உஸ்ஸென்றது. ஏனோ அங்கேயே நின்றேன், சைமி வந்து கூப்பிடும் வரைக்கும். சட்டென்று வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "வயரைப் பிடுங்கியாச்சா?" என்று கேட்டாள். "பிடுங்கிட்டேன், எடு எடு" என்றேன்.

பிடுங்கவில்லை.

படாரென்று ஒரு சத்தம். டயர் ஐஸில் ஏறியிருக்கும் என்றேன். சைமியும் ஓட்டினாள். பின்னால் லெம்பி நைட்டியும் கம்பளி பூட்ஸுமாக இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் எதிரே புல்க்கினென் டாக்ஸியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேட்கிறான்: "அர்மாஸ், நாயை எங்க கூட்டிட்டுப் போறே?"

சைமி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கயானி வரைக்கும் சிரித்தோம். மெஷினில் படுத்துச் சிரித்தால் பிரஷர் ஏறுகிறது என்று நர்ஸ் திட்டினாள்.

புல்க்கினென் அங்கேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டான், சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான்கு மாதமாக எதை மறைத்தேனோ அது. ஆனால் கிட்னியைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை. கடையில், சர்ச்சில், எல்லாப் பயலும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறான். சனிக்கிழமை புல்க்கினென் வண்டியில் போனேன், சைமி ஒரு நாள் தூங்கட்டும் என்று. வழியெல்லாம் உன் கதையையும் என் கதையையும் சேர்த்து அவனுக்குச் சொன்னேன். உன் கதையில் நீ சர்ச்சைத் தாண்டி ஏரி வரைக்கும் போகிறாய்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. பூட்ஸ் போகிறது.

ஈஸ்டருக்கு வரும்போது புதுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வா. அதிலும் சிவப்பு முள் இருக்கட்டும், இனி சைமியும் வைப்பாள். அது வரைக்கும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நீள வயரை இழுத்து விட்டிருக்கிறோம். அதற்குக் கடிகாரம் கிடையாது, மூன்று மணிக்கு யாராவது எழுந்து செருக வேண்டும். நானே எழுந்துகொள்கிறேன். செவ்வாய், வியாழன், சனி.

அர்மாஸ்